காலைப் பசியாற எங்கே போவது?



சென்ற மாதம் ஒருநாள் காலை மக்தப் முடிந்து பிள்ளைகள் கலைந்த பின், ஒரு பிள்ளையின் தந்தை நம்மிடம் வந்து நின்றார். "ஹஜ்ரத், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருச்சிக்குப் போறோம். காலையில சாப்பிட நல்ல கடையா ஒண்ணு சொல்லுங்களேன். போன்ல பார்த்தா நூறு கடை காட்டுது, எதை நம்புறதுன்னே தெரியல" என்றார். தலாக், ஜகாத், பாகப்பிரிவினை என்று கேட்டு வருவோர் உண்டு. தோசைக் கடை கேட்டு வந்தவர் இவரே முதல்வர். சிரித்து அனுப்பிவிட்டோம். பிறகுதான், அது அப்படிச் சிரித்து அனுப்பக்கூடிய கேள்வியன்று என்று தோன்றியது.

நம் ஆவூர் சிற்றூர். பெரியநாயகி மாதா ஆலயத்தைக் கொண்டே வெளியூரார் இதனை அறிவர். இங்கே காலை உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுப்பில் இருப்பதே உணவு. ஆனால் எதற்கெடுத்தாலும் திருச்சிக்குத்தான் போகிறோம். மருத்துவமனைக்கு, கல்லூரிச் சேர்க்கைக்கு, கல்யாணத் துணிக்கு, சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் புறப்படும் மகனை விமான நிலையத்தில் வழியனுப்புவதற்கு. வெறும் வயிற்றோடு கிளம்பி, பேருந்திலிருந்து இறங்கியதும், "எங்கே சாப்பிடுவது?" என்ற பேச்சு தொடங்கிவிடும். முன்பு மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஏதோ ஒரு பழகிய கடை இருந்தது. 2025ஆம் ஆண்டு முதல் வெளியூர்ப் பேருந்துகள் பலவும் பஞ்சப்பூரில் நின்றுவிடுகின்றன. பழக்கமும் அதோடு அறுந்துபோயிற்று.

நல்ல கடை எது என்பதற்கு முன், எந்த நேரத்தில் போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. இப்போது நகரத்துப் பிள்ளைகள் 'பிரன்ச்' என்கிறார்கள். பத்தரை மணிக்கு எழுந்து, காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாகச் சேர்த்து உண்பதாம். சேர்த்து உண்பதில் மார்க்கத்தில் குற்றமில்லை. ஆனால் பத்தரை மணிக்கு எழுந்தவரின் ஃபஜ்ர் எங்கே போயிற்று? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் உம்மத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத்தை வேண்டி துஆச் செய்ததை ஸக்ர் அல்-காமிதி (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் அது பதிவாகியுள்ளது. அந்த ஸஹாபி ஒரு வியாபாரி. அதைக் கேட்டபின் தம் சரக்குகளைப் பகலின் தொடக்கத்திலேயே அனுப்பிவைத்துச் செல்வம் பெருகக் கண்டார் என்றும் அங்கே இருக்கிறது.

இதில் உலக இலாபமும் உண்டு. இட்லிக் கடையின் சிறந்த வேளை அதன் முதல் இரண்டு மணி நேரம். சட்னி அப்போதுதான் அரைத்தது, சாம்பாரில் தண்ணீர் கூட்டியிருக்க மாட்டார்கள், மாவு புளித்துப் பொங்கியிருக்காது, பொங்கல் இறுகியிருக்காது. பத்து மணிக்குப் போய் உட்கார்ந்து, "போன்ல நாலரை நட்சத்திரம் போட்டிருந்தான், ஒன்றும் சரியில்லையே" என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? பெங்களூருவை அடுத்த ஓசக்கோட்டையில் விடியுமுன் நான்கு மணிக்கே பிரியாணிக்காக மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் நிற்க எழ முடிகிறவர்களுக்குத்தான் ஃபஜ்ர் பாங்கு காதில் விழுவதில்லை. (நம் உறவினர் ஒருவரும் அந்த வரிசையில் நின்றவர். அவர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

அடுத்தது ஹலால் பற்றிய கேள்வி. இதில் நம்மவரிடையே இரண்டு விதமான தவறு நிலவுகிறது. சிலர் சைவ உணவகத்தில் இட்லி தின்னவே தயங்குகிறார்கள். வாசலில் சாமி படம் இருக்கிறதே, ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார்களே என்பார்கள். அரிசியும் உளுந்தும் தேங்காயும் அல்லாஹ் அனுமதித்தவை. படையலாக வைக்கப்பட்டது என்று தெரிந்ததைத் தவிர்க்க வேண்டும். மற்றவர் கடையில் விற்கும் இட்லி அதனால் விலக்கப்பட்டதாகிவிடாது. திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸின் நெய்த்தோசையைத் தேடி எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். நம் குடும்பங்களும் தாராளமாகப் போகலாம்.

வேறு சிலர் பெயர்ப் பலகையில் பிறையும் 786-உம் கண்டால் போதும், கேள்வியே இல்லாமல் ஆட்டுக்கால் பாயாவுக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். பலகை அறுப்பதில்லை, அறுப்பவர் ஒரு மனிதர். மலேசியாவில் ஜாக்கிம் என்னும் அரசுத் துறையே ஹலால் சான்று வழங்குகிறது. நம் நாட்டில் அரசு அப்படி வழங்குவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஹலாலுக்கான சான்றன்று. ஆகவே, "கறி எங்கிருந்து வருகிறது பாய்?" என்று முகம் சுளிக்காமல் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. நேர்மையான கடைக்காரர் அதற்காக வருந்த மாட்டார். முஸ்லிமின் கடை என்று தெரிந்த பின்னும் அடுக்களை வரை துருவிக்கொண்டு போவதும் வேண்டாம். புதிதாக இஸ்லாத்தை ஏற்ற மக்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே எனச் சிலர் கேட்டபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் கூறி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததை அன்னை ஆயிஷா (ரலி) வழியாக புகாரியில் காண்கிறோம்.

இனி அந்த நட்சத்திரங்களைப் பற்றி. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தியை நம் மக்தப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். உப்பு ஒரு கல் கூடியதற்காக ஒரு கடைக்கு ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டு, "குப்பை" என்று ஊரறிய எழுதும் கையை எங்கே கற்றோம்? அந்தக் கடையில் மாவாட்டுபவர், இலை எடுப்பவர், பாத்திரம் கழுவும் பெண் என்று எத்தனை பேர் கஞ்சி குடிக்கிறார்கள் என்று எழுதுமுன் எண்ணிப் பார்க்கிறோமா? கெட்டுப்போன பண்டத்தை விற்றால் அது வேறு விஷயம். அதை மறைக்கக் கூடாது. முதலில் கல்லாவில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், திருந்தாவிட்டால் பிறரை எச்சரிக்கலாம். ருசி குறைந்ததற்கும் நஞ்சு கலந்ததற்கும் வேறுபாடு தெரிய வேண்டும்.

நம் பெரியவர்கள் காலை உணவைக் குறிக்க வைத்திருந்த சொல் எவ்வளவு அழகானது! 'பசியாறியாச்சா?' என்றுதான் கேட்பார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடல் கடந்து போன நம்மவர் இந்தச் சொல்லையும் உடன் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் கேட்கலாம். காவடித் தண்டில் சோறும் ஆணமும் சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள் அங்கே நாசிக் கண்டார் என்னும் உணவுக்கே பெயர் வாங்கித் தந்தார்கள். 'கண்டார்' என்பது அந்தத் தண்டுதான். பலகையும் நட்சத்திரமும் இன்றி, தோளைக் கொண்டே பிழைத்தவர்கள் அவர்கள். நம் தெருக்களிலும் ஃபஜ்ர் தொழுது திரும்பும் வேளையில் இடியாப்பமும் ஆப்பமும் விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கணவனை இழந்தவர்கள் சிலர், பெண்பிள்ளைகளைக் கரைசேர்க்க வேண்டியவர்கள் சிலர். அந்தத் தூக்குவாளிகளும் பனையோலைக் கூடைகளும் எந்தப் போனிலும் அகப்படா. எட்டு மணி வரை தூங்கும் தெருவில் அவர்கள் யாரிடம் விற்பார்கள்?

இதையெல்லாம் எழுதத் தூண்டியது உண்மையில் வேறொன்று. கேள்வி கேட்ட அந்தத் தந்தையின் மகனுக்கு ஒன்பது வயது. காலை ஆறரைக்கு மக்தபுக்கு வருவான். ஏழரை மணி வாக்கில் அவன் குரல் தேயத் தொடங்கும்; ஆயத்துகளில் தடுமாறுவான். தூக்கம் என்று எண்ணி இரண்டொரு முறை கடிந்தும் இருக்கிறோம். ஒருநாள், "பசியாறினாயா?" என்று கேட்டோம். "இல்ல ஹஜ்ரத், அம்மா எந்திரிக்கல" என்றான். மற்ற பிள்ளைகளிடமும் கேட்டோம். கையுயர்த்தியவர்களை எண்ணப் பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டோம். கடிந்த வார்த்தைகளுக்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

தமிழக அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி, மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரித்தது; 2024இல் ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்தது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, சூடாக ஏதோ ஒன்று அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. அதற்கு நன்றி கூற வேண்டியது நம் கடமை. ஆனால் கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைக்கு அதுவும் இல்லை. மக்தபிலிருந்து ஓடி, சீருடை மாற்றி, வண்டி ஏறினால் பகல் மணியடிக்கும் வரை வெறும் வயிறு. வாரம் ஆறு நாள் இப்படிப் போகிற பிள்ளையை ஏழாம் நாள் திருச்சிக்குக் கூட்டிப்போய், நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்து, படமெடுத்துப் போடுகிறோம்.

தாய்மார்களை மட்டும் குறை சொல்கிறோம் என்று எண்ண வேண்டாம். இரவு பன்னிரண்டு வரை போனும் கையுமாக இருப்பது வீட்டிலுள்ள எல்லாரும்தான். அடுப்புப் பற்றவைக்கத் தெரியாத ஆண் என்று மார்க்கத்தில் ஓர் இனம் கிடையாது. காலையில் தம் வீட்டாரிடம் உண்ண ஏதேனும் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் அன்று நோன்பு வைத்துக்கொண்ட நபியின் (ஸல்) வரலாற்றை ஸஹீஹ் முஸ்லிமில் படிக்கிறோம். இல்லாமையால் இல்லை என்ற வீடு அது. நம் வீடுகளில் மாவு குளிர்பெட்டியில் இருக்கிறது.

அந்தத் தந்தை நேற்று மீண்டும் வந்தார். மகளைக் கண் மருத்துவரிடம் காட்ட மறுபடியும் திருச்சி போகிறார்களாம். இம்முறை நாம் சிரிக்கவில்லை. ஃபஜ்ரை இங்கேயே ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு முதல் பேருந்தில் ஏறச் சொன்னோம். பாலக்கரைப் பக்கமோ நத்தர்வலி தர்கா பக்கமோ இறங்கி, ஏதேனும் ஒரு பள்ளிவாசலின் மோதினாரிடம், "நீங்கள் எங்கே பசியாறுவீர்கள்?" என்று கேளுங்கள், அவர் காட்டும் கடையில் உட்காருங்கள் என்றோம். பையனுக்கு நாளை முதல் ஆறு மணிக்கே இரண்டு இட்லியோ ஒரு தம்ளர் கஞ்சியோ கொடுத்தனுப்புங்கள் என்றும் சொன்னோம். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "நானே ஊத்தித் தாரேன் ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு, மகனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.