ராகம் பொது.. பாட்டு யாருடையது?

"ஒரே ராகம்னா ஒரே மாதிரிதானே இருக்கும்?" 2022ல் காந்தாரா படத்தின் வராஹ ரூபம் பாட்டைப் பற்றி சண்டை வந்தபோது, ரசிகர்கள் பலர் சொன்ன பதில் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி நியாயம்தான்!

முன்கதைச் சுருக்கம். தைக்குடம் பிரிட்ஜ் என்பது கேரளாவின் ராக் இசைக்குழு. 96 படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா இந்தக் குழுவைச் சேர்ந்தவர்தான். இவர்களுடைய நவரசம் பாட்டு, காந்தாராவுக்குப் பல வருடம் முன்பே வந்தது. கர்நாடக ராகத்தின் மேல் டிரம்ஸும் கிடாரும் ஏறி அடிக்கும், வீடியோவில் கதகளி வேஷம். வராஹ ரூபம் இதன் சாயலில் இருக்கிறது என்று 2022 அக்டோபரில் குழு புகார் சொன்னது. இசையமைப்பாளர் அஜனீஷ் லோக்நாத் மறுத்தார். ராகம் ஒன்று, அதனால்தான் சாயல் என்பது அவர் தரப்பு.

கோழிக்கோடு நீதிமன்றம் தடை போட்டது. நவம்பர் 24ல் படம் அமேசான் பிரைமில் வந்தபோது பாட்டின் மெட்டே வேறாக இருந்தது. பிறகு எந்தக் கோர்ட் விசாரிப்பது என்றே வழக்கு அலைந்தது. பழைய மெட்டு திரும்பி வந்துவிட்டது. காப்பியா இல்லையா என்பதை கோர்ட்தான் சொல்ல வேண்டும். இங்கே கேள்வி அது இல்லை. 'ராகம் ஒன்று' என்ற ஒரே பதிலோடு பேச்சை முடித்துவிடலாமா என்பதுதான்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மயில்கண், மல்லிமொக்கு, கொட்டடிக் கட்டம்.. இதெல்லாம் எந்த ஒரு நெசவாளிக்கும் சொந்தம் கிடையாது. யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எந்த இடத்தில் எந்த புட்டா, என்ன கலரில் பார்டர், முந்தி எப்படி என்று ராத்திரி பகலாக யோசித்து ஒருவர் போட்ட சேலையை அப்படியே அடுத்த தறியில் ஏற்றினால்? "மயில்கண் பொதுதானே" என்றால் ஒத்துக்கொள்வார்களா? 2005ல் கிடைத்த புவிசார் குறியீடு ஊர் பேரைத்தான் காப்பாற்றுகிறது. டிசைன் போட்டவர் பேரை இல்லை.

ராகமும் அப்படித்தான். தோடியோ வராளியோ யாருக்கும் சொந்தமில்லை. அதை எங்கே நிறுத்தி எங்கே கிடாரைக் கொண்டுவருவது என்பது ஒருவருடைய உழைப்பு. 'சாயல் இருந்தாலே திருட்டு' என்பது எவ்வளவு தப்போ, 'ராகம் ஒன்று, போய்ட்டு வா' என்பதும் அவ்வளவு தப்பு.

இதில் நஷ்டம் யாருக்கு? சினிமாவுக்கு ஹீரோ உண்டு, தியேட்டர் உண்டு, போஸ்டர் உண்டு. ஒரு இசைக்குழுவுக்கு இருப்பது பாட்டு மட்டும்தான். முசரவாக்கத்தில் ஒரு பையன் இன்றைக்கு முதல்முறையாக நவரசம் கேட்டால் என்ன சொல்வான்? "அட, காந்தாரா மாதிரியே இருக்கே!" மூத்த பிள்ளை தம்பியின் சாயலில் இருப்பதாகப் பேர் வாங்குவது போல. எந்தத் தீர்ப்பு வந்தாலும் இந்த நஷ்டத்தைத் திருப்பித் தர முடியாது.

இரண்டையும் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். நவரசத்தை முதலில். பிறகு உங்கள் முடிவை நீங்களே சொல்லுங்கள்.