லோ கியர் நிற்கவில்லையா? பெட்டியைப் பிரிக்கும் முன் பாருங்கள்

கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என்னுடையது பழைய டீசல் பிக்கப். 4எல் போட்டுத் தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது லீவர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பட்டறையில் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?”

இருக்கலாம் ஐயா. ஆனால், சரிசெய்யும் வரை அந்தச் சரிவில் வண்டியை இறக்காதீர்கள். 4எச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவில் இருக்கும் நியூட்ரலில் லீவர் விழுந்தால், இன்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இருக்காது. மூட்டை ஏற்றிய வண்டியை அதுவரை பிடித்துக்கொண்டிருந்த இன்ஜின் விட்டுவிடும். முழுப் பாரமும் பிரேக்குக்குப் போகும். அந்த நேரத்தில் லீவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் கால் பிரேக்கால் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும், ஆட்டோ வண்டியில் ‘பி’ போட்டாலும் வண்டி நிற்காது. ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்குக் கட்டையும்தான் காப்பாற்றும்.

சிலர் லீவரைக் கையால் பிடித்தபடி ஓட்டுவார்கள். சிலர் பழைய டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க், சுழலும் வளையத்தோடு ஓயாமல் உரசித் தேய்ந்துவிடும். சின்னச் செலவு பெரிய செலவாகும் வழி இது.

இனி, காசு குறைவான இடத்திலிருந்து தொடங்குவோம்.

முதலாவது, லீவர் முழுத்தூரம் போகிறதா? அடியில் உள்ள ரப்பர் உறையைக் கழற்றி 4எல் போடுங்கள். லீவர் தரைத் துளையின் ஓரத்திலோ, பிற்பாடு மாட்டிய கன்சோலிலோ இடித்தால் கியர் பாதிதான் விழுந்திருக்கும். பாதி விழுந்த கியர் குலுக்கலில் நழுவும். லீவருக்கும் பெட்டிக்கும் நடுவே கம்பிகள் இருந்தால், வளைந்திருக்கிறதா, புஷ் தேய்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, மவுண்டிங். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்கில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் கிழிந்தால், இழுவை மாறும் நொடியில் மொத்தப் பெட்டியும் சாய்ந்து, லீவர் தரையில் முட்டி வெளியே தள்ளப்படும். ஆக்ஸிலை அழுத்தும்போதோ விடும்போதோ மட்டும் நழுவினால் என் முதல் சந்தேகம் இதுதான்.

மூன்றாவது, உள்ளே கம்பியின் பள்ளத்தில் விழுந்து கியரைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் குண்டும், அதை அழுத்தும் ஸ்பிரிங்கும். லீவர் இடம் மாறும்போது கையில் ‘டக்’கென்று தெரிய வேண்டும். அது தெரியாமல் லீவர் வழுவழுவென்று போனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம். பல பெட்டிகளில் வெளியே உள்ள ஒரு போல்ட்டைக் கழற்றினாலே இதை எடுத்துவிடலாம். பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

நான்காவது, எண்ணெய். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன், ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகிக் கிடந்தால், வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லுகள் வந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது. சில பெட்டிகளுக்குக் கியர் ஆயில், சிலவற்றுக்கு ஆட்டோ கியர் எண்ணெய். வண்டியின் கையேடு சொல்வதையே ஊற்றுங்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்தும் நழுவினால்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். வளையத்தின் பல் முனை மழுங்கியிருக்கும், ஃபோர்க் தேய்ந்திருக்கும், அல்லது பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும். ஹாஃப் கட் கடையில் முழுப் பெட்டி வாங்குவதானால், லீவரைக் கையால் எல்லா நிலைகளுக்கும் தள்ளிப் பாருங்கள். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்து ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பட்டன் அல்லது திருகு சுவிட்ச் உள்ள புதிய வண்டிக்காரர்களுக்கு: 4எல் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் கியர் இன்னும் முழுதாக மாறவில்லை என்று பொருள். சேற்று நீர் புகுந்த வயர் இணைப்பையும், கியரை மாற்றும் மோட்டாரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பழக்கமும் முக்கியம். பெரும்பாலான பிக்கப்களில் 4எல் போட வண்டி நின்றிருக்க வேண்டும், கிளட்ச் மிதித்திருக்க வேண்டும். ஆட்டோவில் ‘என்’ போட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையில் ஓட்டினால், வளைவுகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடி, உள்ளே முறுக்கு ஏறும். லீவர் வெளியே வர மறுப்பது அதனால்தான். நேராகச் சில மீட்டர் பின்னால் எடுத்தால் முறுக்கு தளரும்.

வாசகர் ஐயா, பட்டறைக்குப் போகும்போது “கியர் நிற்கவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏறும்போதா, இறங்கும்போதா, ஆக்ஸிலை விடும்போதா, வெறும் குலுக்கலிலா என்று குறித்துச் சொல்லுங்கள். முதலில் மவுண்டிங்கையும் ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலே பெட்டியை மாற்றத்தான் வேண்டும் என்றால், இன்னொரு போர்மேனிடம் காட்டுங்கள்.