ஜட்கா என்னும் சொல்

மும்பையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர் பலர் பழைய தானியங்கிக் கார்களை வைத்திருக்கின்றனர். முழங்கால் நோவுற்ற பெரியவர்களை முன்னிட்டு வாங்கியவையும், நெரிசலில் கிளச்சை மிதித்துக் களைத்தோர் இரண்டாம் கையாக வாங்கியவையும் அவற்றுள் அடங்கும். இவ்வன்பர்களிடமிருந்து நமக்கு வரும் கடிதங்களில் ஒரே முறையீடு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. வண்டி உதறுகிறது, கியர் பெட்டி போய்விட்டதென்று பட்டறைக்காரர் கூறுகிறார், வண்டியை விற்றால் வரக்கூடிய தொகையையே அதற்குக் கூலியாகவும் கேட்கிறார், செய்வது யாது?

தமிழில் ஜட்கா என்றால் குதிரை வண்டி. இங்கே, இந்தியில், அச்சொல் வெட்டியிழுத்தலைக் குறிக்கும். நம்மவர் பட்டறைக்குச் சென்று, 'காடீ ஜட்கா மார்த்தீ ஹை' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றனர். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு நோய்கள் ஒளிந்திருக்கலாம். கேட்பவர் தமக்கு ஆதாயமான நோயைத் தேர்ந்துகொள்வதில் வியப்பென்ன? வஞ்சனையில்லாத மெக்கானிக்கும், தானியங்கி வண்டி என்றவுடன், முதலில் கியர் பெட்டியைத்தான் ஐயுறுகிறார். ஆகவே, பட்டறை வாயிலை மிதிக்கும் முன்பே நோய் எஞ்சினிலா, கியரிலா என்று ஒருவாறு தெரிந்து கொள்வது நலம்.

தம் வண்டி எவ்வகையினது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நம் தமிழகத்து இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பெற்ற ஐ10 தானியங்கியில் டார்க் கன்வர்ட்டரும் நான்கு கியர்களும் உண்டு. 2014-இல் வெளிவந்த செலேரியோவிலோ சாதாரணக் கியர் பெட்டியே இருக்கிறது; கிளச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் ஒரு கருவி நமக்காகச் செய்கிறது. அதே ஆண்டின் சிட்டி தானியங்கியில் பல்சக்கரப் படிகளே இல்லை. உலோகப் பட்டை ஒன்று கப்பிகளின்மேல் ஓடுகிறது. செலேரியோவில் கியர் மாறும்போது தலை சற்று முன்னே சாய்வது இயற்கை. அதே அசைவு ஐ10-இல் தோன்றினால் அஃது ஒரு நோய்க்குறி. இங்கு நாம் கூறுவன பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டர் உள்ள வண்டிகளுக்கே பொருந்தும்.

எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் வண்டியில் இருக்குமானால், அதுவே நல்ல சாட்சி. மிதியை அழுத்தும்போது முள் துள்ளி மேலே ஏற, வண்டியின் வேகம் மட்டும் ஏறாதிருந்தால், கியர் பெட்டியினுள் பிடிமானம் வழுக்குகிறது என்க. அவ்வாறன்றி, முள் ஏறவும் மாட்டாமல், வண்டியும் இழுக்க மாட்டாமல், மேட்டில் ஏறும்போது உடம்பெல்லாம் நடுங்கினால், ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. மெக்கானிக்குகள் இதனை 'மிஸ்ஸிங்' என்பர். நிறுத்தியிருந்து டி-யிலோ ஆர்-இலோ போடும்போது மட்டும் 'தட்' என்று இடி விழுந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருத்தல் கூடும். இதற்குக் கியர் பெட்டியைப் பிரிப்பவர் உண்டென்பதை எண்ண நமக்கு வருத்தமே மிகுகிறது.

குழப்பம் மிகுவது நான்காம் நோயில். மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் மிதியை மெல்ல அழுத்திச் சீராகச் செல்லும்போது, கற்கள் பரவிய பாதையில் ஓடுவதுபோல் வண்டி அதிரும். டார்க் கன்வர்ட்டரினுள் இருக்கும் பூட்டுக் கிளச்சு அவ்வேகத்தில்தான் பெரும்பாலும் பிடிக்கும். அது நடுங்கினாலும் இவ்வாறே தோன்றும், மிஸ்ஸிங் இருந்தாலும் இவ்வாறே தோன்றும். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. பின்னால் வண்டி வராத சாலையில், அதிர்வு தொடங்கியதும், வலக்கால் மிதியில் இருக்க, இடக்காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுக. பெரும்பாலான வண்டிகளில் அக்கணமே பூட்டு விடுபடும். அதிர்வும் உடனே நின்றால் ஐயம் கிளச்சின்மேல். நில்லாமல் தொடர்ந்தால் எஞ்சின்மேல். இடக்காலைப் பயன்படுத்திப் பழகாதோர் இதனைப் பழகிய ஒருவரிடம் விட்டுவிடுதல் நன்று.

எஞ்சின் விளக்கு எரியுமானால், பட்டறையில் கணினி மாட்டிக் குறியெண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'ஸ்கேன் பண்ணியாயிற்று, கியர் பெட்டிதான்' என்ற வாய்மொழி போதாது. பி 0300 என்றால் எரிதல் தவறுகிறது. 0301, 0302 என்பன எந்தச் சிலிண்டர் என்பதையும் காட்டும். 0302 வந்தால், தனித்தனிக் காயில் உள்ள எஞ்சினில், இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் பார்க்கலாம். எண் 0303 என மாறினால் காயிலே குற்றவாளி; சோதனைக்குச் செலவும் இல்லை. பி 0700 மட்டும் வந்தால், கியரைக் கண்காணிக்கும் கணினி வேறோர் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறது என்றே பொருள். அந்த எண்ணையும் படிக்கவல்ல கருவி இருக்குமிடத்துக்குச் செல்லவேண்டும். 0700-ஐ மட்டும் காட்டிக் கியர் பெட்டியைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடவேண்டா. விளக்கு நின்றெரியாமல் கண்சிமிட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுப் பாழாக்குகிறது. அப்போது வேகமாக ஓட்டலாகாது.

கியர் சரியான வேளையில் மாறாமைக்கும் எஞ்சினே சிற்சில வேளை காரணமாகிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுபோனால் எஞ்சின் சூடேறுவதில்லை. எஞ்சின் சூடேறாதவரை பல வண்டிகளின் கணினி மேல் கியருக்கும் பூட்டுக்கும் இடங்கொடாது. மிதியின் நிலையை அறிவிக்கும் சென்சார் பொய்யுரைத்தாலும் இவ்வாறே. சோர்ந்த பாட்டரியும் துருவேறிய எர்த் கம்பியும்கூடப் பல கோளாறுகளைச் செய்யும்.

இனி எண்ணெய். புதிய கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவந்திருக்கும். பழுப்பேறியிருந்தால் மாற்றும் காலம் வந்தது எனலாம். கறுத்து, தீய்ந்த வாடையும் வீசி, வண்டியும் வழுக்குமாயின், புதிய எண்ணெய் ஊற்றி நோய் தீராது. அங்கே பட்டறைக்காரர் சொல் மெய். அப்போது பெரும்பணம் செலவிடுவதா, உள்ளபடி சொல்லி விற்றுவிடுவதா என்பதைக் குடும்பத்தார் கூடி முடிவு செய்தலே முறை. எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் அதில் நீர் புகுந்துவிட்டது. ரேடியேட்டரினுள் உள்ள எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையாதலும், மழைக்காலத்துத் தேங்கிய வெள்ளத்தில் வண்டி மூழ்கியதும் அதற்குக் காரணங்கள். இந்நகரில் பழைய தானியங்கி வாங்குவோர் இதனை முதலிற் பார்ப்பாராக. எந்த எண்ணெய், எவ்வாறு அளப்பது என்பன வண்டிக்கு வண்டி மாறும். கைப்புத்தகத்தில் உள்ளதே சட்டம். பட்டை ஓடும் வகைக்கு மற்றதன் எண்ணெயை ஊற்றினால் அப்பெட்டி விரைவிற் கெடும்.

கோடை விடுமுறைக்கு வண்டியிலேயே ஊர் செல்ல எண்ணுவோர்க்கு ஒரு சொல். டார்க் கன்வர்ட்டர் வண்டி வழியில் நின்றுபோனால், தள்ளி உயிர்ப்பிக்க இயலாது. கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். எஞ்சின் ஓடினாலொழியக் கியர் பெட்டியின் எண்ணெய்ப் பம்ப் ஓடாது. எண்ணெயின்றிச் சக்கரங்கள் உருண்டால், சிறு கோளாறோடு நின்ற வண்டி பெருங் கோளாறோடு பட்டறை சேரும். எஞ்சின் இழுக்கும் சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கியோ, முழு வண்டியையும் லாரியில் ஏற்றியோதான் கொண்டுசெல்லுதல் வேண்டும். சங்கிலியோடு வருபவரிடம் 'காடீ ஆட்டோமேட்டிக் ஹை, உட்டாக்கே லே ஜானா' என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.