கிரிக்கெட் அளவுகோலைக் கால்பந்துக்கு வைக்காதீர்கள்

விளையாட்டுப் படம் எடுக்க 400, 600 மி.மீ. லென்ஸ் வேண்டும், அது இல்லாதவன் மைதானத்துக்குப் போய்ப் பயனில்லை என்ற பேச்சு பெங்களூரில் கேமரா பிடிக்கிற பையன்களிடையே வேதவாக்காகிவிட்டது. இதை நம்பித் தவணைக் கடனில் விழுகிறார்கள் என்பதால்தான் கோபம் வருகிறது.

இந்த எண்ணம் சின்னசாமி ஸ்டேடியத்தில் பிறந்தது. கிரிக்கெட்டில் ஆட்டம் நடுவில். படம் எடுப்பவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே, அறுபது எழுபது மீட்டர் தள்ளி. அங்கே 400 கூடச் சில சமயம் பற்றாது. மறுக்கவில்லை. ஆனால் கால்பந்திலும் ஹாக்கியிலும் ஆட்டம் நம்மைத் தேடி வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 மி.மீ. லென்ஸை மாட்டி, 20 மீட்டர் தூரத்தில் ஓடிவரும் ஆட்டக்காரரைக் குறிவைத்தால், படத்துக்குள் அடங்குவது 1.8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். முகம் விழுந்தால் பந்து விழாது. 200 மி.மீ.யில் 3.6 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம்: முழு ஆளும் வருவார், காலடிப் பந்தும் வரும், சறுக்கிக்கொண்டு குறுக்கே பாயும் தடுப்பாட்டக்காரரும் வருவார். கால்பந்துப் படம் என்பதே இந்த மூன்றும் சேர்ந்ததுதானே?

2023 ஜூன் 21, கண்டீரவா ஸ்டேடியம், சாஃப் சாம்பியன்ஷிப். மழையில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. பத்தாவது நிமிடத்தில் பாகிஸ்தான் கோல்கீப்பர் காலில் பந்து சரியாக நிற்கவில்லை. விரட்டி வந்த சுனில் சேத்ரி அதைத் தட்டி கோலாக்கினார். அன்று அவர் அடித்தது ஹாட்ரிக், இந்தியாவுக்கு 4-0 வெற்றி. அந்த முதல் கோல் முழுக்கக் கோல் வாசலில் நடந்தது. கம்பத்துக்குப் பின்னால் 600 மி.மீ.யோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதில் ஜெர்சித் துணிதான் மிஞ்சும்.

அதோடு அது இரவு ஆட்டம். மின்விளக்கில் லென்ஸின் நீளத்தைவிட அதன் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதே பெரிய விஷயம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் பந்து 1/1000 நொடியில் கிட்டத்தட்ட 3 செ.மீ. நகரும், 1/250 நொடியில் 11 செ.மீ. நகர்ந்து கோடாக இழுபடும். ஆகவே 1/1000 ஷட்டர் வேகத்தை விட முடியாது. பையன்கள் ஆசையாக வாங்கும் 150-600, நீளமான முனையில் எஃப் 6.3 வரைதான் திறக்கும். எஃப் 2.8 உள்ளே விடும் வெளிச்சத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ. 3200-இல் முடிகிற வேலைக்கு 16000 வைக்க வேண்டும். முகமெல்லாம் மணல் தூவினாற்போல் வரும். எஃப் 2.8 திறக்கிற 400 மி.மீ. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஏறக்குறைய 3 கிலோ எடையில், பத்து லட்சம் ரூபாய்க்கு மேல்.

அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்துக்குப் போங்கள். பெலேவுக்குச் சிலை வைத்துக் கொண்டாடும் நம் தமிழ்ச்சனம் வாழும் பேட்டை. அங்கே சின்ன மைதானத்தின் கோட்டோரம் நின்றால் ஆட்டக்காரரின் மூச்சு கேட்கும். அந்த இடத்தில் 85 மி.மீ. எஃப் 1.8 போதும். எந்த விங்கர் உள்ளே வெட்டுவான், எவன் வெளியே ஓடுவான் என்று தெரிந்துகொண்டு சரியான மூலையில் உட்காருவதற்கு எந்தக் கடையிலும் மாற்று கிடையாது.

கையிருப்பு குறைவா? பழைய 70-200 எஃப் 2.8 ஒன்றைத் தேடி வாங்குங்கள். கிராப் சென்சார் கேமராவில் அதுவே 300 மி.மீ. அளவுக்கு நெருக்கம் தரும். கிரிக்கெட் எடுக்க வேண்டிய நாளில் பெரிய லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.