பாதிக் கட்டணம் எனும் வாய்ப்பூட்டு

இங்கிலாந்தில் தெருவோரம் நிறுத்திய காரின் கண்ணாடியில் கவுன்சில் ஊழியர் ஒட்டிவிட்டுப் போகும் அபராதச் சீட்டு இரண்டு தொகைகளைச் சொல்லும். லண்டனுக்கு வெளியே பெரும்பாலான ஊர்களில் கடுமையான மீறலுக்கு 70 பவுண்டு; 14 நாளுக்குள் கட்டிவிட்டால் 35. சீக்கிரம் கட்டுபவருக்குப் பாதி தள்ளுபடி என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அந்தச் சீட்டே தவறு என்று நினைப்பவரின் இடத்தில் நின்று பார்த்தால் கணக்கு மாறிவிடும். பேசாமல் கட்டினால் 35. தீர்ப்பாயம்வரை போய்த் தோற்றால் 70. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது என்கிறது சட்டம். உண்மையில் கட்டணம் உண்டு. தோற்றவரிடம் மட்டும், பின்னால், வேறு பெயரில் அது வசூலாகிறது. பார்க்கிங் அபராதத்தை எதிர்க்கும் உரிமை பெயரளவில் நின்றுவிடக் கூடாது என்றால், இறுதி முடிவு வரும்வரை அந்தத் தள்ளுபடி காலாவதியாகக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்று பார்த்தால் புரியும். ஒரு காலத்தில் அங்கே தவறாக நிறுத்துவது குற்றவியல் விவகாரம். போலீஸோ அவர்களின் கீழ் இயங்கிய வார்டன்களோ சீட்டு எழுதினார்கள், எதிர்ப்பவர் மாஜிஸ்திரேட் முன் நின்றார், அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. 1991-ல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதை லண்டனில் தொடங்கிப் படிப்படியாகக் கவுன்சில்களின் கைக்கு மாற்றியது. 2004-ல் நிறைவேறி 2008 மார்ச் இறுதியில் நடைமுறைக்கு வந்த போக்குவரத்து மேலாண்மைச் சட்டப் பகுதி அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. குற்றப்பதிவு என்ற அச்சம் போனது நல்லதுதான். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. மீறலைப் பார்ப்பது கவுன்சில், சீட்டு எழுதுவது கவுன்சில், முதல் ஆட்சேபனையைக் கேட்டுத் தீர்ப்பது கவுன்சில், வசூலான பணத்தை வைத்துக்கொள்வதும் கவுன்சில். இந்த வரிசையில் ஆதாயமில்லாத ஒருவர் விஷயத்தைப் பார்க்கும் ஒரே இடம் கடைசியில் வரும் தீர்ப்பாயம். லண்டனுக்கு ஒன்று, மற்றப் பகுதிகளுக்கு ஒன்று என அவை இயங்குகின்றன. அங்கே அமர்ந்திருப்பவர்கள் சட்டம் படித்தவர்கள், கவுன்சிலின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். குற்றவியல் நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் குடிமக்களிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது இந்தத் தீர்ப்பாயம்தான்.

இப்போது தள்ளுபடி எந்த இடத்தில் செத்துப்போகிறது என்று கவனியுங்கள். சீட்டு கிடைத்த 14 நாளுக்குள் கவுன்சிலுக்கே ஆட்சேபனைக் கடிதம் எழுதினால், அதை நிராகரிக்கும்போது பாதித் தொகைக்கான வாய்ப்பை மறுபடி தருவது பற்றிக் கவுன்சில் பரிசீலிக்க வேண்டும் என்கிறது அரசின் வழிகாட்டுதல். பல கவுன்சில்கள் தரவும் செய்கின்றன. அதற்குப் பிறகும் கட்டாதவருக்கு, வாகன உரிமையாளர் என்ற முறையில் நோட்டீஸ் வரும். 28 நாளுக்குள் முறைப்படியான ஆட்சேபனை, அதுவும் நிராகரிக்கப்பட்டால் இன்னொரு 28 நாளுக்குள் தீர்ப்பாயம். இந்தக் கட்டத்தில் தொகை முழுசாகிவிடும். ஆக, ஆதாயமுள்ளவர் தீர்ப்பு சொல்லும்வரை தள்ளுபடி உயிரோடு இருக்கிறது. நடுநிலையானவர் தீர்ப்பு சொல்ல வரும்போது அது போய்விடுகிறது. தள்ளுபடியின் நோக்கம் விரைவான வசூல் மட்டுமே என்றால் இந்த வரிசைக்கு விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

இதன் விளைவு என்ன? வழங்கப்படும் சீட்டுகளில் தீர்ப்பாயம்வரை போவது நூற்றில் ஒன்றுகூட இல்லை. போனவற்றில் ஏறத்தாழப் பாதி, வாகன ஓட்டிக்குச் சாதகமாக முடிகிறது. அந்தப் பாதியிலும் ஒரு பெரும்பங்கு, கவுன்சில் வாதாடாமலேயே விட்டுக்கொடுத்தவை. என்னை மிகவும் உறுத்துவது இந்தக் கடைசித் தகவல்தான். அதே புகைப்படம், அதே ரசீது, அதே விளக்கம் கவுன்சிலின் மேசைக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டு முறையும் மறுத்திருக்கிறார்கள். நடுவர் முன் வைக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் பின்வாங்குகிறார்கள். தாமதமாகப் புதிய ஆதாரம் வந்ததால் பின்வாங்கிய சம்பவங்களும் இவற்றில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் நிராகரிப்புக் கடிதங்களில் கணிசமானவை ‘எதிராளி இதோடு நின்றுவிடுவார்’ என்ற கணக்கில் எழுதப்படுகின்றன என்ற முடிவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மேல்முறையீட்டுக்குப் போகிறவர்கள் தங்கள் வாதம் வலுவானது என்று தெரிந்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் ஜெயிப்பதை வைத்து எல்லாச் சீட்டுகளிலும் பாதி தவறு என்று சொல்ல முடியாது. சரியான மறுப்பு. பெரும்பாலான சீட்டுகள் சரியானவை என்றே நானும் நினைக்கிறேன்; மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்தியவருக்கு அது தெரியும். ஆனால் 35-க்கும் 70-க்கும் நடுவே நிற்பவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெற்றி வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் எதிர்ப்பது அவருக்குக் கட்டுப்படியாகும். கடிதம் எழுதும் நேரம், படங்களைத் தேடும் சிரமம், மாதக்கணக்கில் தலைக்கு மேல் தொங்கும் கவலை ஆகியவற்றையும் சேர்த்தால் அறுபது, எழுபது சதவீதம் நம்பிக்கையாவது வேண்டும். நாற்பது சதவீத நியாயம் உள்ளவர் புத்திசாலியாக இருந்தால் பேசாமல் கட்டிவிடுவார். பலகையை மரக்கிளை மறைத்திருந்தது, கோடு பாதி அழிந்திருந்தது, மெஷின் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது தரவில்லை போன்ற, இரு தரப்பிலும் பேச இடமுள்ள சங்கதிகள்தான் இந்த நடுப்பகுதியில் வரும். நடுவர் என்று ஒருவர் தேவைப்படுவதே இவற்றுக்காகத்தான். இன்றைய ஏற்பாடு இவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. 35 பவுண்டு ஒருவருக்குச் சில்லறை, இன்னொருவருக்கு வாரத்து மளிகை என்பதால், யார் திரும்பிப் போவார்கள் என்பதையும் ஊகிக்கலாம்.

தள்ளுபடி கடைசிவரை நீடித்தால் எல்லோரும் மேல்முறையீடு செய்வார்களே, தீர்ப்பாயம் மூழ்கிவிடாதா என்பது கவுன்சில்களின் வழக்கமான பதில். கூட்டம் கூடும்தான். ஆனால் எவ்வளவு கூடும் என்பதில் கவுன்சிலுக்கும் ஒரு கை இருக்கிறது. தோற்கும் என்று தெரிந்த வழக்கை முதல் கடிதத்திலேயே முடித்துக்கொண்டால், இப்போது கடைசி நிமிடத்தில் கைவிடப்படும் அத்தனையும் தீர்ப்பாயத்தின் மேசையிலிருந்து காணாமல் போகும். வேண்டுமென்றே இழுத்தடிப்பவரை அடக்கவும் வழி ஏற்கெனவே இருக்கிறது: அற்பமாகவோ, தொல்லை தரும் நோக்கத்திலோ, முற்றிலும் நியாயமற்ற முறையிலோ நடந்துகொண்ட தரப்பு செலவுத்தொகை கொடுக்க வேண்டும் என்று நடுவர் உத்தரவிடலாம். தோற்றவருக்கும் ஓரளவு தள்ளுபடி தரலாமா என்ற யோசனை பிரிட்டிஷ் அரசு 2013-ன் இறுதியில் தொடங்கிய கருத்துக்கேட்பிலேயே இடம்பெற்றது. பாதி கொடுக்கத் தயக்கம் என்றால் கால் பங்கு கொடுத்துத் தொடங்கலாம். கேள்வி கேட்டதற்கான விலை அப்படியே பாதியாகும்.

வருவாய் குறையுமே என்ற இன்னொரு கவலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. பார்க்கிங்கில் கிடைக்கும் உபரியைப் போக்குவரத்து சார்ந்த செலவுகளுக்கே பயன்படுத்த வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வடக்கு லண்டனின் பார்னெட் கவுன்சில் குடியிருப்போருக்கான பார்க்கிங் அனுமதிக் கட்டணத்தை ஆண்டுக்கு 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தியபோது, வருமானம் திரட்டுவதற்கு அந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று 2013-ல் உயர் நீதிமன்றம் அந்த உயர்வை ரத்து செய்தது. வருமானம் நோக்கமே இல்லை என்று சட்டம் சொல்லும்போது, வருமானம் குறையும் என்பது வாதமாகாது.

தனியார் பார்க்கிங் இடங்களைப் பார்த்தால் கவுன்சில்கள் எவ்வளவோ மேல் என்று தோன்றும். செம்ஸ்ஃபோர்டு நகரத்து வணிக வளாகம் ஒன்றில் இரண்டு மணி நேர இலவச அனுமதியைத் தாண்டி 56 நிமிடம் கூடுதலாக நின்ற காருக்கு விதிக்கப்பட்ட 85 பவுண்டு, நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போய் 2015-ல் உறுதியானது. நிறுவனங்கள் வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து உரிமையாளர் விவரத்தை இரண்டரை பவுண்டுக்கு வாங்கி, ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான சீட்டுகளை அனுப்புகின்றன. அங்குள்ள மேல்முறையீட்டு அமைப்புகள் அந்தத் தொழிலின் பணத்திலேயே நடப்பவை. இவற்றை ஒழுங்குபடுத்த 2019-ல் சட்டம் இயற்றி, 2022 பிப்ரவரியில் நடத்தை விதிகளை வெளியிட்டு, நிறுவனங்கள் நீதிமன்றம் போனதும் அதே ஆண்டு ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது அரசு. தனியாகவே எழுத வேண்டிய கதை அது.

தொழில்நுட்பம் இதைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் கொஞ்ச காலம் ஓடியது. லண்டனில் வளர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் 2015-ல் தொடங்கிய ‘டூநாட்பே’ என்ற இலவசச் செயலி, சில கேள்விகள் கேட்டு ஆட்சேபனைக் கடிதத்தைத் தானே எழுதிக் கொடுத்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை ரத்து செய்ய வைத்ததாக அது சொல்லிக்கொண்டது. பின்னாளில் அதே நிறுவனம் ‘ரோபோ வக்கீல்’ என்று தன்னை விளம்பரப்படுத்தியது தவறான தகவல் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2024-ல் நடவடிக்கை எடுத்து, 1,93,000 டாலர் கட்டவைத்தது. ஒரு பக்கக் கடிதம் எழுதுவது எத்தனை பேருக்குத் தடையாக இருந்திருக்கிறது என்பதை அந்தச் செயலிக்குச் சேர்ந்த கூட்டம் காட்டியது. ஆனால் கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தோற்றால் 70 பவுண்டு என்ற கணக்கை எந்தச் செயலியும் தொட முடியாது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் என்ன? நம்மிடம் அந்த மாதிரித் தீர்ப்பாயமே கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு, ஆபத்தோ இடையூறோ தேவையற்ற அசௌகரியமோ தரும்படி வாகனத்தை நிறுத்தக் கூடாது என்கிறது. அசௌகரியம் என்பது பார்ப்பவரின் தீர்மானம். போலீஸ்காரர் எடுக்கும் ஒரு போட்டோவில் அது தெரியலாம், தெரியாமலும் போகலாம். கடைக்காரர் தாமே நட்டுவைத்த ‘நோ பார்க்கிங்’ பலகைகள் நிறைந்த தெருக்களில் எது சட்டப்படியான தடை என்பதே தகராறுக்குரியது. பொது அபராதம் 100 ரூபாய் என்றிருந்தவரை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2019 திருத்தம் அதை 500 ரூபாயாக்கியது, 2022 அக்டோபரில் தமிழகம் புதிய தொகைகளை நடைமுறைப்படுத்தியது. இ-சலானைக் கட்டுவதற்குப் போனில் ஒரு நிமிடம் போதும். ‘எதிர்க்கிறேன்’ என்று விர்ச்சுவல் கோர்ட்டில் தெரிவித்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். வாய்தா, அலைச்சல், ஒரு நாள் கூலி. ஆட்டோ ஓட்டுநருக்கோ டெலிவரி இளைஞருக்கோ 500 ரூபாயைக் கட்டித் தொலைப்பதே லாபம். தள்ளுபடி எதுவும் தராமலேயே நாம் வாயைப் பூட்டிவிட்டோம்.

இங்கே கட்ட வேண்டியது பெரிய மாளிகையல்ல. சீட்டு எழுதிய துறைக்கு வெளியே உள்ள ஒரு சட்ட அலுவலர், இருதரப்புப் படங்களையும் விளக்கங்களையும் ஆன்லைனில் பார்த்து, நேரில் வரச் சொல்லாமல், குறிப்பிட்ட நாளுக்குள் காரணத்தோடு முடிவு சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் முறைப்படியான ஆட்சேபனைக்குக் கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் அது ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று ஒரு விதி இருக்கிறது. தாமதத்தின் சுமையை அதிகாரத்தின் தோளில் வைக்கும் விதி அது. அதைக் கடன் வாங்குவதற்கு நாம் வெட்கப்படத் தேவையில்லை. அவர்களுடைய தள்ளுபடிக் கணக்கை மட்டும் அங்கேயே விட்டுவிடலாம்.