பழைய வில்லைக்கு எது அணி?

பழைய பொருள்களைப் பேணுவோர் இரு வகையினர். வழங்கிப் பேணுவோர் ஒரு வகையினர். பூட்டிவைத்துப் பேணுவோர் மற்றொரு வகையினர். படம்பிடித்தற்கென ஆக்கப்பட்ட பழைய கமராக்கள் பல இன்று கண்ணாடிப் பேழைகளில் உறங்குகின்றன. அவற்றை வெளியே எடுப்போருட் சிலரும் வண்ணத் தோலும் பித்தளைக் குமிழும் பூட்டி அழகு பார்ப்பதோடு அமைந்துவிடுகின்றனர். ஒரு கருவிக்கு அணியாவது அதன் தொழிலைச் சிறப்பிப்பதேயன்றித் தோற்றத்தைச் சிறப்பிப்பதன்று என்பது எமது துணிபு. தூரமானிக் கமராக்களிற் பொருந்தும் பழைய அகல்கோண வில்லைகளைக் கொண்டு இதனை ஈண்டு விளக்க முயல்வோம்.

‘றேஞ்ச்பைண்டர்’ என வழங்கும் தூரமானிக் கமராவில், படம்பிடிக்கும் வில்லையினூடாக நாம் காட்சியைக் காண்பதில்லை. தனியொரு சாளரத்தாற் பார்க்கின்றோம். இரு விம்பங்கள் ஒன்றுபடும் நிலைகொண்டு தூரத்தை அறிகின்றோம். வெற்ஸ்லார் நகரத்து லைற்ஸ் நிறுவனத்தார் 1932இல் வெளியிட்ட இரண்டாம் லைக்காவும், அதே ஆண்டிற் சைஸ் இக்கோன் நிறுவனத்தார் வெளியிட்ட கொன்ராக்ஸும் இவ்வகையின. இவற்றினுள்ளே ஆடி இல்லை. ஆதலின் வில்லையின் பின்புறம் படச்சுருளை மிக அணுகி நிற்கலாம். குவியத்தூரம் குறுகிய அகல்கோண வில்லைக்கு இதனினும் வாய்ப்பான இருப்பிடம் பிறிதில்லை. லுட்விக் பேட்டெலே வகுத்த 21 மி. மீ. பயோகன் 1954இற் கொன்ராக்ஸுக்கும், 21 மி. மீ. சுப்பர் அங்குலோன் 1958இல் லைக்காவுக்கும் வந்தன. ஏறத்தாழ 90 பாகைக் கோணத்தை அடக்கியும், சுவரின் நேர்கோட்டைப் படத்தின் ஓரத்திலும் வளையவிடாது காட்டுவன அவை. ஆடிக் கமராக்களிலோ, ஆடி அசைதற்கு இடம்விட்டு வில்லையை முன்னே தள்ளவேண்டியிருந்தது. அதற்கெனப் பிரான்சு நாட்டுப் பியேர் ஆன்ஜெனியூ 1950இல் வேறோர் அமைப்பை வகுக்க நேர்ந்தது.

இனி அணிகளைக் கருதுவோம். தலையாயது காட்சிகாட்டி. 1954இல் வெளிவந்த லைக்கா எம்3இன் சாளரம் 50, 90, 135 மி. மீ. வில்லைகளுக்கே எல்லை காட்டும். அதில் 21 மி. மீ. வில்லையைப் பூட்டியவர் சாளரத்திற் காண்பது, படத்தில் விழுவதன் நடுக்கூறு மாத்திரமே. எனவே, கமராவின் மேலுள்ள தவாளிப்பிற் செருகும் தனிக் காட்சிகாட்டி இன்றியமையாதது. தந்தி மூலம் கட்டளை அனுப்புதற்கு வாய்ப்பாக லைற்ஸ் நிறுவனத்தார் துணைக்கருவிகளுக்கு ஐந்தெழுத்துக் குறிமொழி இட்டிருந்தனர், 21 மி. மீ. காட்சிகாட்டிக்கு எஸ்.பி.கே.ஓ.ஓ. என்பது அக்குறி. இன்று வில்லையை ஒருவருக்கும் காட்சிகாட்டியை வேறொருவருக்குமாகப் பிரித்து விற்போர் உளர். இது கலப்பையை ஒருவருக்கும் கொழுவை இன்னொருவருக்கும் விற்பதனை ஒக்கும். எம்3க்கென ஆக்கப்பட்ட 35 மி. மீ. வில்லைகளிற் சாளரங்களின் முன் நிற்கும் இரு சிறு கண்ணாடிகளும் இத்தகையனவே. அழகு குன்றுமென்று அவற்றைக் கழற்றினால் எல்லையும் பிழைக்கும்; தூரமானியும் பிழைக்கும்.

அடுத்தது வெயில்மறைப்பு. பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு தெறித்துவிடும். அதனைக் குறைக்கும் பூச்சைச் சைஸ் நிறுவனத்து அலெக்சாந்தர் ஸ்மக்குலா 1935இற் கண்டார். அதற்கு முற்பட்ட வில்லைகளோ பூச்சற்றன. எதிர்வெயிலில் அவற்றின் படம் வெளிறும். ஆயின், 50 மி. மீ. வில்லைக்குரிய ஆழ்ந்த மறைப்பை 28 மி. மீ. வில்லையிற் பூட்டினால் மூலைகள் வெட்டுண்ணும். ஒன்றின்மேல் ஒன்றாக இரு வடிகண்ணாடிகளை இடினும் அதுவே நேரும். 45 பாகை சாய்ந்து மூலையில் விழும் ஒளி, வெறுங் கணக்கின்படி நடுவிலுள்ளதன் காற்பங்கேயாகும். வல்லுநர் அரிதின் முயன்று ஓரளவு குறைத்த அவ்விருளைப் பொருந்தா அணியாற் பெருக்குவது பேதைமை.

மூன்றாவது ஒரு சிறு நீர்மட்டம். அகல்கோண வில்லையைச் சிறிது அண்ணாக்கப் பிடித்தாலும் கட்டடம் பின்னே சாயும். இம்மூன்றுக்கு மேல் வேண்டுவது பழக்கமே. 21 மி. மீ. வில்லையின் துவாரத்தை 8இல் வைத்துத் தூரத்தை 2 மீற்றருக்கு நிறுத்தினால், ஏறத்தாழ 1 மீற்றர் முதல் முடிவிலி வரை தெளிவாக விழும். தூரமானியை நாடவும் வேண்டியதில்லை. லைக்கா எம்4இல் 28 மி. மீ. வில்லையைப் பூட்டி நியூயோர்க் வீதிகளைப் படம்பிடித்த கரி வினோகிராண்டின் விரைவு இத்தகைய பழக்கத்தின் பயனே. கழகக் குழுப்படத்துக்கு மாத்திரம் 21 மி. மீ. வில்லையைக் கொள்ளற்க, ஓரத்தில் நிற்பவர் தம் உடம்பைத் தாமே அறியமாட்டார்.

கைபேசியிலும் அகல்கோணம் உண்டே என்பார்க்கு நாம் கூறுவது: அங்கே வளைந்த கோட்டைக் கணினி பின்னர் நிமிர்த்துகின்றது, இங்கே கண்ணாடியே அதனை நேராக வரைகின்றது. இரண்டுக்கும் இடமுண்டு. பழைய வில்லையை இலக்கமுறைக் கமராவிற் பூட்டலாமே எனின், பூட்டலாம். ஆனால் மிகச் சாய்ந்து விழும் ஒளியால் ஓரங்களில் நிறம் மாறுதல் உண்டு. படச்சுருளே அவ்வில்லைகளின் தாயகம்.

அரியனவற்றைப் பூட்டிவைத்தலே காப்பு என்பாருக்கும் ஒரு சொல். எமது நாட்டு ஈரக்காற்றில் இருண்ட அலுமாரியும் தோலுறையும் வில்லைக்குப் பகை. அங்கே படரும் பூஞ்சணம் கண்ணாடியின் பூச்சையும் அரித்துவிடும். காற்றும் வெளிச்சமும் படக் கையாளுதலே இங்கு காப்பு; வைக்கும்போது ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும்.

எம் பழைய மாணவர் இல்லங்களிலே தந்தையரோ மாமன்மாரோ வழங்கிய கமராக்கள் சில இன்றும் கிடத்தல் கூடும். வீடு மாறும்போதும் பிள்ளைகள் கடல்கடந்து செல்லும்போதும் அவை துண்டு துண்டாகக் கைமாறுகின்றன. மேற்றவாளிப்பிற் செருகும் அச்சிறு கண்ணாடி எதற்கென அறியாது எறிந்துவிடுவோரும் உளர். வில்லை, காட்சிகாட்டி, மறைப்பு ஆகிய மூன்றையும் ஒரு பெட்டியிற் சேர்த்து, எதற்கு எது உரியதென்று ஒரு தாளில் எழுதி வைக்குமாறு அவர்களை வேண்டுகின்றோம். அதனோடு ஒரு படச்சுருளும் இட்டுப் படம்பிடிப்பாராயின், அவ்வில்லைக்கு அதனினும் வேறோர் அணி வேண்டா.