வண்ணாரப்பேட்டை வீதிகளும் கட்டவிழ்ந்த நாய்களும்

சென்னைக் கார்ப்பொரேஷனார் 2025-ம் வருஷத்தின் கடைசியில் வளர்ப்பு நாய்களைக் குறித்து எடுத்துக்கொண்ட நடவடிக்கைகளை நமது நேயர்கள் அறிவார்கள். வீட்டு நாய் ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் பெறவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். தோலின் கீழ் அடையாளச் சில்லு பொருத்தவேண்டும். வெளியே கொண்டுவரும்போது வார் பூட்டிப் பிடித்து, வாய்மூடியும் அணிவிக்கவேண்டும். லைசென்ஸ் கட்டணம் 50 ரூபாய். அஃதில்லாதவர்க்கு அபராதம் 5,000 ரூபாய். டிஸம்பர் மாதத்தில் கூடிய நகரசபை ஒருபடி மேலே சென்று, பிட்புல், ராட்வீலர் என்னும் இரண்டு இனங்களுக்கும் இனிமேல் புதிய லைசென்ஸ் கொடுப்பதில்லையென்று தீர்மானித்தது.

இவ்வளவும் காரணமின்றி வந்ததன்று. 2024 மே மாதம் 5-ந் தேதி ஆயிரம் விளக்குப் பகுதியில் கார்ப்பொரேஷன் பூங்கா ஒன்றில், அப்பூங்காவின் காவற்காரருடைய ஐந்து வயதுப் பெண் குழந்தையை, கட்டாமல் விடப்பட்ட இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறின. காக்க ஓடிய தாயும் காயமுற்றாள். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாயொன்று கடித்து ஒரு மனிதர் மாண்டே போனார். ஏழைக் காவற்காரன் குழந்தை விளையாடுவதற்கு அந்தப் பூங்காவின் மண்ணைத் தவிர வேறு இடமில்லை. செல்வர் வீட்டு நாய்க்கோ வீடும் முற்றமும் இருந்தும், பொதுப் பூங்காவில் கட்டின்றித் திரியும் சுதந்திரம் வேண்டியிருந்தது. ஆகையால் கார்ப்பொரேஷன் விதிகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் அவ்விதிகள் எவனைக் கட்டுகின்றன, எவனைக் கட்டாமல் விடுகின்றன என்று கேட்பது நமது கடமை.

வண்ணாரப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். இங்கே ஒரு தொழிலாளியோ சிறு வியாபாரியோ ஆசையோடு ஒரு நாய் வளர்க்கிறான். விதிப்படி 50 ரூபாய் செலுத்தி, ஊசி போட்டு, வாரைக் கையிற் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் பழைய ஜெயில் ரோடு பக்கமாகவோ எம்.சி. ரோடு பக்கமாகவோ புறப்படுகிறான். கடைகள் திறக்கும் முன் அந்த வீதிகள் நாய்களுக்கே உரியவை. மூடிய ஜவுளிக்கடை வாசலிலிருந்து ஒன்று எழுந்து உறுமும். அதன் குரல் கேட்டு லாரி ஷெட்டிலிருந்து இரண்டு வரும். சந்து முனையில் இன்னும் மூன்று. இவனுடைய நாய்க்கு வாயிலே மூடி, கழுத்திலே வார். ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, கட்டுப்படாதது அவன்மேற் பாய்கிறது. நமது நாட்டில் சட்டங்கள் பெரும்பாலும் இவ்விதமாகவே நடைபெறுகின்றன என்று நேயர்கள் பெருமூச்சு விடலாம். அது வேறு கதை.

இது வீண் பயமன்று. 2023 நவம்பர் 21-ந் தேதி மாலை, இதே பேட்டையைச் சேர்ந்த ஜி.ஏ. ரோட்டில் ஒரே நாய், ஒரு மணி நேரத்துக்குள்ளாக ஏறக்குறைய 30 பேரைக் கடித்தது. பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகளும், வேலை முடிந்து வீடு திரும்பியவர்களும் கடியுண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஜனங்கள் அந்நாயை அடித்துக் கொன்றார்கள். பிரேத பரிசோதனையில் அதற்கு வெறிநோய் இருந்ததென்று பின்னர் உறுதியாயிற்று. அந்த நாய்க்கு எஜமானன் யார்? லைசென்ஸ் யார் பேரில்? பதில் சொல்ல ஒருவருமில்லை.

அதிகாரிகளின் கணக்கில் நாய்கள் இரண்டு வகை: வளர்ப்பு நாய், தெரு நாய். வண்ணாரப்பேட்டைக்காரர் எவரும் மூன்றாவது வகையொன்று உண்டென்று சொல்வார்கள். கிடங்கின் வாசலில் இராக்காவல் காக்கும் நாய். மீன்கடைக் கழிவு தின்று கடைக்காரன் காலடியிற் படுத்திருக்கும் நாய். வீட்டம்மாள் மிச்சச் சோற்றை வைத்து ‘மணி’ என்றோ ‘ஜிம்மி’ என்றோ கூப்பிட்டால் வாலாட்டி வரும் நாய். திருடன் வந்தால் அது நம் நாய். வழிப்போக்கனைக் கடித்துவிட்டால் யாரோ தெருநாய்! லாபத்துக்கு உரிமை, நஷ்டத்துக்கு உரிமையில்லை என்னும் இந்த வழக்கமே நோயின் மூலமென்பது நமது அபிப்பிராயம். பிறர் நடக்கும் வீதியில் அதிகமாய்ப் பாய்பவை இந்த அரைவளர்ப்பு நாய்களே. ஏனெனில் ஒரு வாசலைத் தன் வாசலென்று காக்கும் நாய்தான், வாரிற் கட்டுண்டு வரும் அயல்நாயைக் கண்டு முதலிற் சீறும்.

காந்தியடிகள் இதனை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கண்டுகொண்டார். 1926-ல் ஆமதாபாத்தில் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் தமது ஆலை வளைவில் திரிந்த சுமார் 60 நாய்களைக் கொல்வித்தபோது, அகிம்சைக்கு ஆசிரியரான அடிகள் கண்டிப்பார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவரோ அச்செயலை முற்றும் குற்றமென்று தள்ளாமல், ‘யங் இந்தியா’வில் தொடர்ந்து பல கட்டுரைகள் எழுதினார். நாயை வளர்ப்பதானால் முழுப் பொறுப்பேற்று வளர்க்கவேண்டும், பொறுப்பேற்காமல் தெருவில் சோறு வீசுவது தயையாகாது என்பது அவர் கூற்றின் சாரம். கொல்லும் முறையை இன்று நாம் ஏற்கவில்லை, சட்டமும் ஏற்பதில்லை. சென்னையில் வருஷக்கணக்காக நாய்களைப் பிடித்துக் கொன்றும் அவற்றின் தொகை குறையவில்லை என்பதைக் கண்டே, 1996 முதல் இந்நகரம் கருத்தடை முறைக்கு மாறியது. ஆயினும் பொறுப்பைப்பற்றி அடிகள் சொன்னது இன்னும் பாக்கியாகவே நிற்கிறது.

இந்திய சர்க்கார் 2023-ல் வெளியிட்ட பிராணிகள் கருத்தடை விதிகளின்படி, தெரு நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். 2025 ஆகஸ்டு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் இட்ட உத்தரவு, வெறிநோயுள்ளதையும் மூர்க்க குணமுள்ளதையும் அவ்வாறு திரும்ப விடலாகாது என்று விலக்குக் கூறியது. நவம்பர் 7-ந் தேதி உத்தரவில் பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றும்படி கூறினார்கள். நல்லது. ஆனால் மூர்க்கமானது எதுவென்று தீர்மானிப்பவர் யார்? தண்டையார்ப்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒருவர் டெலிபோனில் முறையிட்டால் வண்டி வருகிறது. வண்டியின் சப்தம் கேட்ட மாத்திரத்தில் பழகிய நாய் ஓடி ஒளிகிறது. ஒளியத் தெரியாத சாதுவான நாய் பிடிபடுகிறது. 2024-ம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி நகரத்திலுள்ள தெருநாய்கள் ஏறக்குறைய 1,80,000. அவற்றுள் பெரும்பாலானவை கருத்தடை செய்யப்படாதவை. இத்தனைக்கும் சில கருத்தடை நிலையங்களே இருக்கும்போது விதிப்புத்தகம் என்ன செய்யும்?

எஜமானனுள்ள நாயைப்பற்றியோ சட்டம் தெளிவானது. தன் பிராணியால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ அபாயம் நேராதபடி காவாதவனுக்கு, பாரதீய நியாய சம்ஹிதை 291-வது பிரிவு ஆறு மாதச் சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. 1860-ம் வருஷத்து வெள்ளையர் சட்டத்தில் 289-வது பிரிவாக இருந்ததே இது. ஆகவே தன் நாயை அவிழ்த்துவிட்டு, “அது ஒன்றும் செய்யாது ஸார்” என்று தூரத்தில் நின்று சிரிக்கும் கனவான்கள், அச்சிரிப்புக்கு விலையுண்டென்பதை அறிவார்களாக.

கார்ப்பொரேஷன் விழிக்கும்வரை தன் நாயோடு வீதியில் நிற்பவன் என்ன செய்வது? முதலாவது, ஓடலாகாது, ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. தன் நாயின் வாரைச் சுருக்கிப் பிடித்து, அதனைத் தன் பின்புறம் தள்ளி, தானே இடையில் நிற்கவேண்டும். எதிர்நாயின் கண்ணை உற்றுப் பாராமல், உரத்த ஆனால் பதறாத குரலில் ‘போ’ என்று அதட்டி, மெல்ல மெல்லப் பின்வாங்கவேண்டும். சிறிய நாயானால் தூக்கிக்கொள்ளத் தோன்றும். அப்போது பாயும் நாய் மனிதன் மார்பின்மேலேயே தாவும். குடை கையிலிருந்தால் சட்டென்று எதிரே விரிப்பது தடியைக் காட்டிலும் நல்ல காவல். இரண்டும் கவ்விக்கொண்டுவிட்டால் நடுவில் கையை நுழைப்பவன் நிச்சயமாய்க் கடியுண்பான். பிடித்து இழுத்தாலோ சதை கிழியும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுவதும், சாக்கொன்றை மேலே போடுவதும் பலன் தரும். நமது பேட்டையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைப்பது மூடத்தனம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்கள் என்று டாக்டர் சொல்லும் கணக்குப்படி ஊசியை முடிக்கவேண்டும். இரத்தம் வந்த காயமானால் காயத்திலேயே செலுத்தும் ‘இம்யூனோகுளோபுலின்’ மருந்தையும் கேட்டுப் பெறவேண்டும். நோய்க்குறி தோன்றியபின் இந்நோய்க்குப் பெரும்பாலும் பரிகாரமே இல்லை. 1900-ல் கஸௌலியிலும் 1907-ல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் ஏற்படுமுன், கடியுண்ட நமது ஜனங்களுக்குக் கதி கிடையாது. இன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாய்க் கிடைப்பதை, இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் பலர். கூலி போய்விடுமென்ற அச்சம் அவர்களுக்கு. அதனை நாம் ஏளனம் செய்யவில்லை. கடியுண்ட தன் நாயையும், முன்பே ஊசி போட்டிருந்தாலும், வேப்பேரி மிருக வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்லவேண்டும்.

தேசாபிமானிகள் சிலர், அந்நிய இன நாய்களை ஒழித்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நமது இனங்களை வளர்த்தால் தீருமென்கிறார்கள். சுதேசி இனங்கள் தழைக்கவேண்டுமென்பதில் நமக்கும் ஆசையுண்டு. ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்த கோம்பை, அவிழ்த்துவிட்டால் கதர் கட்டியவனையும் கடிக்கும்.

கார்ப்பொரேஷனாருக்கு நமது யோசனை இதுவே. தினந்தோறும் சோறிட்டு வாசலில் வைத்துக்கொள்ளும் கடைக்காரர், கிடங்குக்காரர், வீட்டார் பேரில் அந்தந்த நாயைக் கட்டணமின்றிப் பதிவு செய்யவேண்டும். தண்டனை பயத்தால் அவர்கள் சோறிடுவதை நிறுத்திவிட்டால் பசித்த நாய் முன்னிலும் மூர்க்கமாகும் என்று ஆட்சேபிப்பார்கள். அது நியாயமே. ஆகையால் முதலில் அபராதம் வேண்டாம், உதவியைக் கேட்கவேண்டும். வண்டிக்கு அகப்படாத நாய், சோறிடும் கைக்கு அகப்படும். அக்கை பிடித்துக் கொடுத்தால் ஊசியும் கருத்தடையும் ஒரு நாளில் முடியும். கழுத்தில் வர்ணப்பட்டை கட்டி வாசலிலேயே திரும்ப விடலாம். பட்டை கட்டிய நாய் மறுபடியும் வழிப்போக்கர்மேற் பாய்ந்தால், பதிவு செய்தவர் அதனைக் கட்டிவைக்கவேண்டும், அல்லது கார்ப்பொரேஷனிடம் ஒப்படைக்கவேண்டும். ராயபுரம், தண்டையார்ப்பேட்டை மண்டலங்களின் கவுன்ஸிலர்கள் ஜி.ஏ. ரோட்டிலிருந்தே இந்தப் பதிவை ஆரம்பிக்கலாம்.